மண் திரட்டியவரும் வாக்குத் திரட்டியவரும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள். பெங்களூருவில் உள்ள மத்திய ரிசர்வ் காவல் படை மையத்திலிருந்து உமேஷ் கோபிநாத் ஜாதவ் என்ற இசைக்கலைஞர் தமது காரில் புறப்பட்டார். புல்வாமாவில் கொல்லப்பட்ட 40 வீரர்களின் வீடுகளுக்கும் நேரில் சென்று, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி மண் எடுத்து வருவது அவருடைய நோக்கம். அதே நாளில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் நடந்த தேர்தல் கூட்டத்தில் பிரதமர் நரேந்திர மோடி, முதன்முறையாக வாக்களிக்கும் இளைஞர்களை நோக்கி ஒரு கேள்வி எழுப்பினார். பாலகோட் தாக்குதலை நடத்திய வீரர்களுக்கும் புல்வாமா தியாகிகளுக்கும் உங்கள் முதல் வாக்கைக் காணிக்கையாக்க முடியாதா என்பதே அக்கேள்வி.

படையினரைத் தேர்தல் பரப்புரையில் இழுக்கக் கூடாது என்று அதற்கு முந்தைய மாதத்தில்தான் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. ஆயினும் லாத்தூர் பேச்சில் விதிமீறல் ஏதும் இல்லை என்று அதே ஆணையம் மே 1ஆம் நாள் முடிவு செய்தது. ஆணையர் அசோக் லவாசாவின் மாற்றுக் கருத்து ஆணையத்தின் முடிவில் பதிவாகவே இல்லை. செய்தித்தாள்களின் வழியாகத்தான் நாடு அதை அறிந்தது.

ஜாதவ் மருந்தியல் படித்தவர். 2019 பிப்ரவரி 14 அன்று அஜ்மீரில் இசை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு பெங்களூரு திரும்பும் வழியில், ஜெய்ப்பூர் விமான நிலையத் தொலைக்காட்சியில் புல்வாமா செய்தியைக் கண்டார். பலரும் அன்று அதைக் கண்டார்கள், கலங்கினார்கள், பின்னர் தத்தம் வேலைக்குத் திரும்பினார்கள். அவர் இரண்டு மாதங்களுக்குள் பயணத்தைத் தொடங்கிவிட்டார். சுமார் 61,000 கிலோமீட்டர். ஓராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம். விடுதியில் தங்கப் பணம் போதாமல் பல இரவுகள் காரிலேயே உறங்கினார். வழி கேட்டுக் கேட்டுச் செல்ல வேண்டிய சிற்றூர்கள் பல. தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்துக் கார்குடியும் தூத்துக்குடி மாவட்டத்துச் சவலாப்பேரியும், கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் குடிகெரேயும், கேரளத்தில் வயநாடும், வடகிழக்கே அசாமின் பக்சாவும், ஜம்முவில் ரஜோரியும் அந்த வரைபடத்தில் இருந்தன. ரஜோரி வீட்டின் மகன் நசீர் அகமது. புல்வாமாவைக் காரணம் காட்டி டேராடூன் முதலிய நகரங்களில் காஷ்மீரி மாணவர்களை அறைகளிலிருந்து விரட்டியவர்கள் அந்தப் பெயரை ஒருமுறையேனும் உச்சரித்திருப்பார்களா என்பது ஐயமே.

2020 பிப்ரவரி 14 அன்று லெத்போரா முகாமில் நினைவிடம் திறக்கப்பட்டபோது ஜாதவ் சிறப்பு அழைப்பாளராக அங்கே இருந்தார். நாற்பது வீடுகளின் மண்ணைக் கலசத்தில் ஏந்திச் சென்று படையினரிடம் ஒப்படைத்தார். நிதி உதவியாளர் எவரையும் அவர் தேடிக்கொள்ளவில்லை. அவர் பேசிய தேசபக்தி மொழியின் எல்லாச் சொற்களோடும் இடதுசாரிகள் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த காரியத்தின் சாரம் எளியது: மகனை இழந்த தாயின் வாசலுக்குச் சென்றார், அமர்ந்தார், பேசக் கேட்டார். இறுதி ஊர்வலத்தில் ஒலிபெருக்கியோடு வந்த அமைச்சர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை அந்த வாசலை மிதித்தார்கள்?

இறந்தோரை ஊர் மறவாதிருக்கும் வழக்கம் தென்னாட்டில் மிகத் தொன்மையானது. நடுகல் எடுப்பதன் படிநிலைகளைக் கல்லைக் காண்பது தொடங்கி வாழ்த்துவது வரை தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. பெங்களூரு நகரமோ தன் பெயருக்கே ஒரு நடுகல்லுக்குக் கடன்பட்டிருக்கிறது. நகரின் தென்பகுதியில் உள்ள பேகூர் நாகேசுவரர் கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு வீரக்கல் உண்டு. ‘பெங்களூருப் போரில்’ மாண்ட ஒருவனை அது நினைவுகூர்கிறது. இவ்வூர்ப் பெயர் காணப்படும் மிகப் பழைய எழுத்துச் சான்றாக அறியப்படுவது அதுவே. வேகவைத்த அவரையை அரசனுக்குக் கிழவி கொடுத்ததால் வந்த பெயர் என்று சுற்றுலா நூல்கள் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருக்க, கல்லோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பெயரைப் பொறித்து வைத்திருக்கிறது.

எல்லா நினைவுச் சின்னமும் ஒரே தகுதியுடையது அன்று. 1791இல் பெங்களூரு முற்றுகையில் திப்புவின் படையோடு மோதி இறந்த ஆங்கிலேயர்களுக்காக இந்நகரில் எழுப்பப்பட்ட தூண் 1964இல் மக்கள் கிளர்ச்சிக்குப் பின் அகற்றப்பட்டது. யாருக்காக, எதன் பொருட்டு இறந்தார்கள் என்ற கேள்வியைக் கல்லால் மூடிவிட முடியாது. முதல் உலகப் போரில் இறந்த மதராஸ் சாப்பர்களுக்கான நினைவுச் சின்னம் பிரிகேட் சாலைச் சந்திப்பில் நிற்கிறது. சுற்றிலும் கடைகள், கடந்து செல்வோரில் பெரும்பாலோர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. பேரரசுகள் தங்களுக்குள் சந்தைகளைப் பங்கிட்டுக்கொள்ள நடத்திய போரில், கூலி உழைப்பாளிகளின் பிள்ளைகள் அயல் மண்ணில் புதைந்தார்கள். அவர்களுக்காக வருந்துவதற்கு அந்தப் பேரரசை ஏற்க வேண்டிய தேவை இல்லை.

அதே போரில் 1914 அக்டோபரில், 18 வயதான தம் மகன் பீட்டரை பெல்ஜியத்தில் இழந்தார் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ். மகனுக்கான நினைவுச் சிற்பத்தை முடிக்க அவருக்குச் சுமார் 18 ஆண்டுகள் ஆயின. 1932இல் இடுகாட்டில் நிறுவப்பட்ட அச்சிற்பத்தில் போர்வீரனே இல்லை. முழந்தாளிட்ட தந்தையும் தலைகுனிந்த தாயும் மட்டுமே இருக்கிறார்கள். 1918இல், போர் தோல்வியை நெருங்கிய நிலையிலும் மேலும் இளைஞர்களைக் களத்துக்கு அழைத்த கவிஞர் ரிச்சர்ட் டேமலுக்கு எதிராகப் பொதுவெளியில் எழுதியவரும் அவரே. தனிமனிதரின் துயரம் நேர்மையாக இருக்கும்போது அது ஆட்சியாளர்களுக்கு எளிதில் பயன்படுவதில்லை.

இங்கு ஆட்சியாளர்கள் செய்தது என்ன? 78 வாகனங்களில் 2,500க்கும் மேற்பட்ட வீரர்கள், பனியால் பல நாட்கள் மூடிக்கிடந்த ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் ஒரே அணியாக அனுப்பப்பட்டார்கள். வெடிபொருள் நிரம்பிய கார் ஒன்று அவ்வணிக்குள் புகுந்தது. சரியாக ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 21 அன்று, துணைப் படையினர் அனைவரும் தில்லி–ஸ்ரீநகர், ஜம்மு–ஸ்ரீநகர் தடங்களில் விமானத்தில் செல்ல உள்துறை அமைச்சகம் ஒப்புதல் வழங்கியது. சுமார் 7.8 இலட்சம் பேர் பயன்பெறுவார்கள் என்றும் அறிவித்தது. 40 உடல்கள் வீடு சேர்ந்த பின் கையெழுத்தாகிய கோப்பு அது. முன்னரே கையெழுத்தாவதற்கு எது தடையாக இருந்தது என்பதை எவரும் விளக்கவில்லை.

2019 ஜூனில் மாநிலங்களவையில் உளவுத்துறையின் தோல்வி என்ற குற்றச்சாட்டை உள்துறை மறுத்தது. தாக்குதல் நடந்தபோது ஜம்மு காஷ்மீரின் ஆளுநராக இருந்த சத்யபால் மாலிக், 2023 ஏப்ரலில் அளித்த நேர்காணலில், படை விமானங்கள் கேட்டதாகவும் உள்துறை மறுத்ததாகவும், இதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும் கூறினார். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். பாஜக அரசே நியமித்த ஆளுநர். 2025 ஆகஸ்டில் அவர் மறைந்தார். தேசியப் புலனாய்வு முகமை 2020 ஆகஸ்டில் 19 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. சதிகாரர்களைக் குறித்து அது பேசுகிறது. வீரர்களைச் சாலைவழி அனுப்பிய முடிவுக்கு யார் பொறுப்பு என்பது வேறு கேள்வி. அதற்கு விடை கேட்டவர்கள் தேசத்துரோகிகள் ஆக்கப்பட்டார்கள்.

மேடையில் ‘தியாகி’ என்று முழங்கும் அதே அரசு, அச்சொல் தன் ஆவணங்களில் அதிகாரபூர்வமாகப் பயன்படுத்தப்படுவதில்லை என்று நாடாளுமன்றத்தில் பதில் சொல்கிறது. சொல்லை விட்டுவிடலாம். சோற்றை விட முடியாது. 2004 சனவரி 1க்குப் பின் பணியில் சேர்ந்த துணைப் படையினர் புதிய ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டார்கள். அதைக் கொண்டுவந்தது வாஜ்பாய் அரசு, தொடர்ந்தது அதற்குப் பின் வந்த காங்கிரஸ் அரசு. தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு மட்டும் விலக்கு. துணைப் படைகளும் ஒன்றியத்தின் ஆயுதப் படைகளே, அவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் பொருந்தும் என்று 2023 சனவரி 11 அன்று தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீரர்களின் பெயரால் வாக்குக் கேட்ட அரசு அத்தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்று தடை பெற்றது.

முப்படைகளுக்கு இருந்த பாதுகாப்பும் 2022 ஜூனில் வந்த அக்னிபாத் திட்டத்தால் அரிக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் பணி, நூற்றுக்கு 25 பேருக்கு மட்டுமே நீட்டிப்பு, ஓய்வூதியம் இல்லை. பணியில் உயிர்நீத்தால் 48 இலட்சம் ரூபாய்க் காப்பீடும் 44 இலட்சம் கருணைத் தொகையும் உண்டு. ஆனால் வழக்கமான படைவீரரின் மனைவிக்கோ பெற்றோருக்கோ மாதந்தோறும் வரும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. ஒரே பதுங்குகுழியில் ஒரே குண்டுக்கு இரையாகும் இருவரின் வீடுகளில் இரு வேறு சட்டங்கள். 2025 மே மாத எல்லை மோதலில் ஆந்திரத்தைச் சேர்ந்த ஓர் அக்னிவீரர் கொல்லப்பட்டபோது இந்த வேறுபாடு வெறும் வாதமாக இல்லாமல் ஒரு குடும்பத்தின் வாழ்க்கைக் கணக்காகிவிட்டது.

2023இல் ‘என் மண், என் தேசம்’ என்ற பெயரில் ஒன்றிய அரசு ஓர் இயக்கம் நடத்தியது. ஊர்தோறும் மண் எடுத்து 7,500 கலசங்களில் தில்லிக்குக் கொண்டுவருவோம் என்று பிரதமர் வானொலியில் அறிவித்தார். ஆட்சியர்களும் வட்டார வளர்ச்சி அலுவலர்களும் கலசங்களோடு படம் எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். பெங்களூருக்காரர் காரில் உறங்கிச் சேர்த்த மண்ணுக்கும் சுற்றறிக்கை போட்டுச் சேர்த்த மண்ணுக்கும் நிறத்தில் வேறுபாடு இராது.

பழைய நடுகற்களில் பெயரோடு இன்னொன்றும் பொறிக்கப்படுவதுண்டு. போரில் மாண்டவரின் குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் ‘உதிரப்பட்டி’ என்று குறிக்கின்றன. கன்னட நாட்டிலும் இதையொத்த கொடைகள் உண்டு. மன்னர் காலத்தை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்போர்களில் பல ஆநிரை கவர்வதற்கும் நிலம் பறிப்பதற்கும் நடந்தவை. கொடையிலும் பெரும் பங்கு தலைவர்களுக்கே போயிற்று, பெயர் தெரியாத காலாட்களுக்கு அன்று. என்றாலும் வழங்கியதைக் கல்லில் வெட்டி ஊரார் பார்க்க நிறுத்தும் கட்டாயம் அந்த ஆட்சியாளர்களுக்கு இருந்தது.

பேகூரில் கிடைத்த மற்றொரு வீரக்கல் இப்போது பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கங்க மன்னன் எறெயப்பனின் காலத்தில் வீரமகேந்திரனின் படையை எதிர்த்து நாகத்தரன் வீழ்ந்த போர்க்காட்சி, யானைகளும் குதிரைகளும் நெருங்க, அதில் செதுக்கப்பட்டுள்ளது. அவன் மாண்ட பின் இருகன் என்பவனுக்கு நாகத்தரப் பட்டமும் பேகூரைச் சேர்ந்த 12 ஊர்களும் அளிக்கப்பட்ட செய்தி கீழே எழுத்தில் உள்ளது. கொடுத்தது யார், பெற்றது யார், எந்தெந்த ஊர்கள் என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் எவரும் அங்கே சென்று படிக்கலாம். லெத்போரா நினைவிடத்தில் 40 பெயர்கள் இருக்கின்றன. அவர்களைச் சாலையில் அனுப்பிய கோப்பில் யாருடைய கையெழுத்து இருந்தது என்பதை நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்க வேண்டியது உள்துறை அமைச்சகம். துணைப் படையினரின் ஓய்வூதியத்துக்கு எதிரான மேல்முறையீட்டைத் திரும்பப் பெற வேண்டியதும் அதே அமைச்சகம்தான்.