கைப்பழக்கம் கைத்தொலைபேசியில் வருமா?



கொரோனாக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடசாலைப் பிள்ளைகள் பட்ட கஷ்டங்களைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கும் தாதியர் தொழிலையும் அதே தொலைபேசியில்தான் அப்போது கற்பிக்க வேண்டியிருந்தது. அப்படிக் கற்பித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த அனுபவத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நான் கொக்கிளாயைச் சேர்ந்தவள். 1984 டிசம்பரில் எமது ஊர் மக்கள் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. 2009 இல் போர் முடிந்த பின்னர்தான் எமது குடும்பம் சொந்தக் காணிக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் நான் தாதியாகி, பின்பு வடக்கில் உள்ள ஒரு தாதியர் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியையானேன்.

2020 மார்ச் 20 ஆம் திகதி நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் வந்தது. மாணவிகள் விடுதியை விட்டு வீடுகளுக்குப் போனார்கள். நானும் அம்மாவிடம் கொக்கிளாய்க்கு வந்தேன். அந்த 2020 ஆம் ஆண்டைத்தான் உலக சுகாதார நிறுவனம் தாதியருக்கும் மருத்துவிச்சிகளுக்கும் உரிய ஆண்டாக அறிவித்திருந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. உலகில் இரண்டு கோடி எழுபத்தொன்பது இலட்சம் தாதியர் இருக்கிறார்கள், இன்னும் 59 இலட்சம் பேர் தேவை என்று அந்நிறுவனம் அவ்வாண்டு வெளியிட்ட அறிக்கை சொன்னது. தாதியர் இல்லையே என்று உலகம் தவித்த நேரத்தில், தாதியராக வேண்டிய பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். படிப்பை நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே சூம் வகுப்புத் தொடங்கியது.

எங்கள் வீட்டுக்குள் கவரேஜ் நிற்காது. களப்புப் பக்கமாக வெளியில் வந்தால் ஓரளவு கிடைக்கும். பூவரச மரத்தின் கீழ் ஒரு கதிரையைப் போட்டு, தொலைபேசியை அரிசிப் பேணியில் சாய்த்து வைத்துப் படிப்பித்தேன். காற்றுக் கூடினால் என் குரல் பிள்ளைகளுக்குக் கேட்காது. என்னுடன் கற்பித்த சிலர் கணினியை அதற்கு முன் அதிகம் தொட்டதே இல்லை. அவர்களுக்குச் சூம் பழக்கியவர்கள் எங்கள் மாணவிகள்தான். மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பாடம் எடுத்தவர்களும், வீட்டார் உறங்கிய பின் சமையலறையில் இருந்து பாடத்தைப் பதிவு செய்தவர்களும் எம்மில் இருந்தார்கள்.

மிகவும் சிரமம் தந்தது மாணவிகளின் மௌனம்தான். திரையில் முகங்கள் இல்லை. பெயர்கள் மட்டும் கறுப்புக் கட்டங்களில் நிற்கும். "விளங்கிச்சுதா?" என்று கேட்டால் பதில் வராது. இடப்பெயர்வில் நாங்கள் மரநிழலில் படித்தவர்கள். அந்த வகுப்புக்குச் சுவர் இல்லை, வாங்கு இல்லை. ஆனாலும் எங்கள் ஆசிரியர்கள் முகத்தைப் பார்த்தே யார் சாப்பிடாமல் வந்தது, யாருக்குப் பாடம் விளங்கவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். இணையவழி வகுப்பில் எமக்கு அந்த வசதி இல்லை.

பிள்ளைகளுக்கு அக்கறையில்லை என்று சிலர் சொன்னார்கள். நாங்கள் சில ஆசிரியைகள் சேர்ந்து, வகுப்புக்கு வராத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் தொலைபேசி எடுத்தோம். ஒருத்தியின் வீடு ஒரே அறை. பின்னால் வீட்டார் நடமாடுவது தெரியும் என்ற வெட்கத்தில் கமெராவைப் போடவில்லை. இன்னொருத்தியின் டேட்டா வகுப்பின் நடுவிலேயே முடிந்துவிடும். கரையோரக் கிராமம் ஒன்றில் இருந்த ஒரு பிள்ளையின் தாய் சொன்னது என் மனதை விட்டுப் போகாது. அவர் கணவனைப் போரில் இழந்தவர்.

"ரீச்சர், வீட்டில ஒரு போன்தான். அது மகனோட கடலுக்குப் போயிடும். அவன் வர பத்து மணியாகும். போன் இல்லாமல் அவனைக் கடலுக்கு விட எனக்குப் பயம். இவளும் படிக்க வேணும். நான் எந்தப் பிள்ளையைப் பாக்கிறது?"

எங்கள் வகுப்பு காலை எட்டரைக்கு. அந்தத் தாயிடம் என்ன சொல்ல முடியும்? கடலில் இயந்திரம் நின்றால் உதவிக்கு அழைக்கவும் அதே தொலைபேசிதான் வேண்டும்.

அதன் பிறகு கற்பிக்கும் முறையை மாற்றினோம். பாடத்தைப் பத்து நிமிடத் துண்டுகளாகக் குரலில் பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினோம். படத்தை விடக் குரலுக்கு டேட்டா குறைவு. மகன் கரைக்கு வந்த பின் அவள் கேட்டு எழுதினாள். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். பின்னேரங்களில் நான் அழைத்து மூன்று நான்கு கேள்விகள் கேட்பேன்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளையும் கொடுத்தோம். சவர்க்காரம் போட்டு 40 முதல் 60 செக்கன் வரை முறைப்படி கை கழுவுதல், வீட்டிலுள்ளோரின் நாடித்துடிப்பையும் சுவாசத்தையும் ஒரு நிமிடம் முழுதாக எண்ணிக் குறித்தல், பழைய சேலைத் துணியைக் கிழித்துத் தம்பியின் கையில் கட்டுப் போடுதல் என்று செய்தார்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருக்க வேண்டும். ஒரு மாணவி தன் அம்மம்மாவின் நாடி சீராக இல்லை என்பதைக் கண்டு எனக்குச் சொன்னாள். வைத்தியரிடம் காட்டச் சொன்னோம். அந்தப் பிள்ளைக்கு அன்று வந்த நம்பிக்கையை எந்தப் புத்தகமும் கொடுத்திராது.

ஆனால் எல்லாவற்றையும் இப்படிக் கற்பிக்க முடியாது. இரத்த அழுத்தம் பார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பட்டியைச் சுற்றி, காற்றடித்து, மெல்ல மெல்ல இறக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் முதலாவது துடிப்புக் கேட்கும்போது மேல் அளவு, சத்தம் மறையும்போது கீழ் அளவு. முள் இறங்குவதை நான் திரையில் காட்டலாம். அந்தச் சத்தத்தை அவளுடைய காதுதான் கேட்டுப் பழக வேண்டும். ஊசி ஏற்றும் கோணத்தைப் படத்தில் காட்டலாம். வலியில் இருப்பவரின் கையை எவ்வளவு மெதுவாகப் பிடிப்பது என்பதை எந்தப் படத்தில் காட்டுவது?

பிள்ளைகள் திரும்பி வந்தபோது இது தெளிவாகத் தெரிந்தது. படிமுறைகளை வரிசை பிசகாமல் சொன்னார்கள். செய்யச் சொன்னால் கை நடுங்கியது. சிறு சிறு குழுக்களாகப் பிரித்து மீண்டும் முதலிலிருந்து செய்வித்தோம். 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடு மறுபடி முடங்கியபோது எமக்கு முன் அனுபவம் இருந்தது. வாசிக்கவும் கேட்கவும் வேண்டியவற்றை இணையத்தில் முடித்து, கைவேலைக்கு உரிய நேரத்தைக் கல்லூரிக்கென ஒதுக்கி வைத்தோம்.

இந்தக் கஷ்டம் எமக்கு மட்டும் வரவில்லை. பதுளைப் பக்கத்தில் பொகிதியாவ என்ற சிங்களக் கிராமத்து ஆசிரியர்களும் பிள்ளைகளும் 2021 இல் சிக்னல் தேடிக் காட்டுவழியே மலை ஏறிய செய்தி உலகெங்கும் வந்தது. உலகில் 3 முதல் 17 வயது வரையான பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை என்று யுனிசெப் 2020 இன் கடைசியில் கூறியது.

சகோதரிகளே, இணையவழிக் கல்வி இன்று பல இடங்களில் நிலைத்துவிட்டது. உங்கள் மகளும் ஏதாவது ஒரு வகுப்பைத் தொலைபேசியில் படிக்கக்கூடும். ஆகவே மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒன்று, வகுப்பு நேரத்தில் அவளிடம் தண்ணீர் அள்ளவும் அடுப்பைப் பார்க்கவும் சொல்லாதீர்கள். வீட்டில் இருந்தாலும் அவள் வகுப்பில்தான் இருக்கிறாள்.

இரண்டு, தொலைபேசி இல்லை, டேட்டா இல்லை என்றால் வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் எமக்குத் தெரிய வழியில்லை. சொன்னால் ஒரு வழி தேடலாம்.

மூன்று, தாதியர் பயிற்சி, தையல், அழகுக்கலை என்று கையால் செய்யும் தொழில் எதையும் முழுக்க முழுக்க இணையத்தில் கற்றுத் தருவதாக யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள். செய்முறைப் பயிற்சி எங்கே, எத்தனை நாள் என்று கேளுங்கள். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்குக் க.பொ.த. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுப் பிள்ளைகளிடம் வர்த்தமானி மூலம் விண்ணப்பம் கோருவார்கள். பயிற்சி மூன்று வருடம். அக்காலத்தில் கொடுப்பனவும் உண்டு.

அந்தக் கரையோரத் தாயின் மகள் பயிற்சியை முடித்து இப்போது ஓர் அரச வைத்தியசாலையில் வேலை செய்கிறாள். முதற் சம்பளத்தில் தாய்க்கு ஒரு தொலைபேசி வாங்கிக் கொடுத்தாளாம். தம்பியின் தொலைபேசி இப்போதும் கடலுக்குப் போய் வருகிறது.