நாளைய ஆசிரியர் கையில் கைப்பேசி

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. அத்தகைய தமிழ் வழிப் பள்ளி ஒன்றுக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்து நிற்கும் பி.எட். மாணவி ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தால், இன்றைய ஆசிரியர் கல்வியின் ஒரு சிக்கல் எளிதில் விளங்கும். அவர் கல்லூரியில் படிப்பது ஆங்கிலத்தில் அல்லது மராத்தியில். பள்ளியில் சொல்லிக் கொடுக்க வேண்டியதோ தமிழில். அடுத்த கட்டிடத்துப் பள்ளியில் யோசனை கேட்கலாம் என்றால் அங்கு உருது அல்லது இந்தி நடக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கைத் தமிழில் விளங்க வைத்த அனுபவம் உள்ளவர் மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருக்கக்கூடும். அவரை எட்டுவதற்குக் கைப்பேசியை விட்டால் வேறு வழி இல்லை.

ஆகவே ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் ஆகியவற்றைத் தொழில் வளர்ச்சிக்குப் பயன்படுத்துவது எப்படி என்ற கேள்வி, வெளிமாநிலத் தமிழ் ஆசிரியரைப் பொறுத்தவரை பொழுதுபோக்குக் கேள்வி அல்ல, பிழைப்புக் கேள்வி.

அரசாங்கமும் இதை ஓரளவு உணர்ந்தே இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-ல் வகுத்த விதிகளின்படி பி.எட். படிப்பு ஈராண்டு ஆனபோது, தகவல் தொழில்நுட்பத்துக்கென ஒரு தாளும் பாடத்திட்டத்தில் இடம் பெற்றது. 20 வாரங்கள் பள்ளியில் இருந்தாக வேண்டும் என்றும் ஏற்பட்டது. 2017-ல் 'தீக்ஷா' தளம் வந்தது. பணியில் உள்ள ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் குறைந்தது 50 மணி நேரமாவது தொழில் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்று 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. தாள் இருக்கிறது, மணிக்கணக்கும் இருக்கிறது. ஆனால் யாரைப் பின்தொடர்வது, எதை நம்புவது, எதைப் பகிரக் கூடாது என்பதைத் தாள் கற்றுத் தருகிறதா என்றால், ரெக்கார்டு நோட்டை முடித்துக் கையெழுத்து வாங்குவதோடு பல இடங்களில் அது முடிந்துவிடுகிறது.

பரிதேவாடி காட்டும் வழி

இதே மகாராஷ்டிரத்தில் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி கிராமத்து ஜில்லா பரிஷத் பள்ளிக்கு 2009-ல் ஆசிரியராக வந்தவர் ரஞ்சித்சிங் திசாளே. பாடப் புத்தகத்தில் கியூஆர் குறியீட்டை அச்சிட்டு, அதன் வழியே ஒலி, ஒளிப் பாடங்களைப் பிள்ளைகளுக்கு எட்டச் செய்தார். பின்னர் அம்முறை மாநிலப் பாடநூல்களுக்கே வந்தது. 2020-ல் உலக ஆசிரியர் பரிசாக 10 லட்சம் டாலர் கிடைத்தபோது, அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற 9 பேருடன் அவர் பங்கிட்டுக் கொண்டார். அவர் முதலில் தீர்த்தது தம் வகுப்பின் பிரச்னையை. புகழ் பின்னால் வந்தது. இன்று பயிற்சிக் காலத்திலேயே சானல் தொடங்கி, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக் கொண்டிருப்போர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறார்கள்.

தமிழ் வழி ஆசிரியருக்கு மற்றொரு வசதியும் உண்டு. தமிழ்நாட்டில் 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களிலும் கியூஆர் குறியீடு உண்டு. மும்பையில் இருந்தபடியே அப்பாடங்களைப் பார்க்கலாம். எனினும் மகாராஷ்டிரப் பாடத்திட்டத்தின் வரிசை வேறு, சில இடங்களில் கலைச்சொல்லும் வேறு. அங்கிருந்து எடுத்ததை இங்கு அப்படியே வைத்தால் குழம்புவது பிள்ளைதான்.

வதந்தியும் வேலையும்

கைப்பேசியில் வரும் செய்தியை நம்பி எதிர்காலத்தையே தவறாகக் கணக்கிடும் அபாயமும் இருக்கிறது. தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்கு பி.எட். தகுதி ஆகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வு பெற 5 ஆண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் 2 ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் மற்றொரு தீர்ப்பு வந்தது. இப்படித் தீர்ப்பு வரும்போதெல்லாம் பாதி உண்மையும் பாதி பீதியுமாகச் செய்தி பரவுவதும், அதன் வாலில் கோச்சிங் விளம்பரம் தொங்குவதும் வாடிக்கை. தீர்ப்பின் நகலையும் அரசாணையையும் தேடிப் படிக்கத் தெரிந்த மாணவருக்கு இந்தப் பயம் இல்லை. பி.எட்.டுக்குப் பணம் கட்டிவிட்டு முதல் வகுப்பு வேலைக்குக் காத்திருப்பவரின் நஷ்டம் இரண்டு ஆண்டுகள். வீட்டார் வாங்கிய கடன் தனி.

இந்தத் தளங்கள் நிலையானவையும் அல்ல. 2019-ல் கூகுள் பிளஸ் மூடப்பட்டது. 2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. உள்நாட்டுத் தயாரிப்பு என்று பெருமையோடு தொடங்கிய 'கூ' 2024-ல் நின்றது. அவற்றில் மட்டுமே தம் உழைப்பைச் சேர்த்து வைத்தவருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. நல்ல பாடக் குறிப்பை நோட்டிலும் எழுதி வைக்கும் பழைய பழக்கத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

பிள்ளைகளின் படம் விஷயத்தில் கண்டிப்பு மேலும் தேவை. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, பெற்றோர் சம்மதத்தை வலியுறுத்துகிறது. சட்டம் கிடக்கட்டும். தவறான விடை சொல்லித் திருதிருவென்று விழிக்கும் சிறுமியின் முகத்தைப் படம் பிடித்து, சிரிப்புப் பாட்டுச் சேர்த்து ஊருக்குக் காட்டுவதற்குத் தொழில் வளர்ச்சி என்று பெயர் இல்லை.

குழுவில் கேட்கும் விதத்திலும் வேறுபாடு இருக்கிறது. 'பாடத் திட்டம் இருந்தால் அனுப்புங்கள்' என்று கேட்பவருக்குக் கோப்பு கிடைக்கும். பெயரை மாற்றிச் சமர்ப்பிக்கலாம். 'மூன்றைவிட நான்கு பெரியது, ஆகவே மூன்றில் ஒன்றைவிட நான்கில் ஒன்று பெரியது என்று பிள்ளைகள் சாதிக்கிறார்கள், என்ன செய்வது?' என்று கேட்பவருக்கு வேறு விடை வரும். ஒரே அளவுள்ள இரண்டு காகிதப் பட்டைகளில் ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடிக்கச் சொல் என்பார் ஒருவர். ஒரு சப்பாத்தியை மூன்று பேருக்கும், இன்னொன்றை நான்கு பேருக்கும் பங்கிடச் சொல் என்பார் மற்றவர்.

மறுநாள் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு, இத்தனை பேருக்கு விளங்கியது, இத்தனை பேருக்கு விளங்கவில்லை என்று அதே குழுவில் திரும்ப எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. 20 வாரப் பயிற்சிக் குறிப்பேட்டில் இதற்கென ஒரு பக்கம் ஒதுக்க, கல்லூரிகளுக்குத் தில்லியிலிருந்து தனி ஆணை எதுவும் வரவேண்டியதில்லை.