தொடக்கப் பள்ளியில் கலை ரசனை: எங்கள் நிலைப்பாடு

ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, வாரம் ஒரு முறையாவது பிள்ளைகள் ஒரு நல்ல ஓவியத்தையோ சிற்பத்தையோ நிதானமாகப் பார்த்துப் பேச வேண்டும். அதற்குக் கால அட்டவணையில் 20 நிமிடம் ஒதுக்கப்பட வேண்டும். தேர்வோ மதிப்பெண்ணோ கூடாது. ஓவியர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இதுதான்.

ஓவிய வகுப்பு என்ற பெயரில் பல பள்ளிகளில் நடப்பது கலர் அடிப்பதுதான். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, பக்கத்தில் தென்னை மரம்: தலைமுறை தலைமுறையாக இதே படம். அரசுப் பள்ளிகளின் கலைத் திருவிழாவை வரவேற்கிறோம். ஆனால் போட்டியில் வெல்பவர்கள் சிலரே. கை வராத பிள்ளைக்குக் கண் இருக்கிறது. அதற்கு யாரும் வேலை கொடுப்பதில்லை.

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசையே எடுத்துக்கொள்வோம். 7ஆம் நூற்றாண்டுச் சிற்பம். சுற்றுலா போகிற எல்லாப் பள்ளிகளும் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கின்றன. பெரிய யானைக்கு அருகில் ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். தவம் செய்யும் முனிவரின் அதே நிலைதான் பூனைக்கும். இதை ஏழு வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்தால் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சிற்பியின் குறும்பு அதற்குப் புரிந்துவிட்டது என்று பொருள். வழிகாட்டி முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் அது இன்னொரு தகவல், அவ்வளவுதான். அதே ஊரின் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும்போது கன்றை நக்கும் பசுவும், சித்தன்னவாசல் ஓவியத்தில் தாமரைக் குளத்து மீன்களும் யானைகளும் இப்படித்தான் காத்திருக்கின்றன.

ஆசிரியர் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பிலிப் யெனவைனும் உளவியலாளர் அபிகெய்ல் ஹௌசனும் வகுத்த முறை இது. இரண்டாவது கேள்விதான் முக்கியம். வாய்க்கு வந்ததைச் சொன்ன பிள்ளை, காரணம் தேடி மறுபடி படத்தைப் பார்க்கும்.

ஓவிய ஆசிரியர் இல்லையே என்பார்கள். உண்மைதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநரைக் குறிப்பிடுவதே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைதான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். தொடக்க வகுப்புகளுக்கும் ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று தொடர்ந்து கேட்போம். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. மேற்சொன்ன கேள்விகளைக் கேட்க வகுப்பாசிரியரே போதும்.

தனிப் பாடநூல் போடலாம் என்ற யோசனையை எதிர்க்கிறோம். நூல் வந்தால் வினா-விடை வரும், ஓவியர் பெயரும் பிறந்த ஆண்டும் மனப்பாடமாகும். பிள்ளை சொல்லும் விளக்கத்தைத் தவறென்று அடிப்பதும், எல்லாப் படத்துக்கும் நீதி சொல்வதும் அதே வகைக் கெடுதல்தான்.

பள்ளிக் கல்வித் துறை நல்ல அச்சில் பெரிய படங்களை எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் அனுப்ப வேண்டும். திறன்மிகு வகுப்பறை உள்ள பள்ளிகள் திரையிலேயே காட்டலாம். நேரில் போய்ப் பார்ப்பதற்கும் தடையில்லை: இந்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. தலைமையாசிரியர்களே, அடுத்த சுற்றுலாவில் பத்து இடங்களுக்கு ஓடாதீர்கள். ஒரே ஒரு சிற்பத்தின் முன் பிள்ளைகளை அரை மணி நேரம் உட்கார வையுங்கள்.