எந்தக் கார் முந்தும்? பதில் டயரில் இருக்கிறது



இடைவேளையில் நம் மாணவர்கள் அடிக்கடி தர்க்கப்படும் விடயம் ஒன்று: டொட்ஜ் செலஞ்சரா, நிசான் ஜி.டி.ஆரா, எது முந்தும்? இரண்டில் ஒன்றைக்கூட திருகோணமலை வீதிகளில் நாம் கண்டதில்லை. ஆனாலும் கேள்வி நல்ல கேள்வி. "படிப்பைப் பாருங்கடா" என்று அதட்டி அனுப்பாமல், இதையே பாடமாக்கலாம் என்பது நமது கருத்து.

2015ஆம் ஆண்டின் செலஞ்சர் ஹெல்கெட் 707 பரிவலு கொண்டது. அந்த வலு முழுவதும் பின் சில்லுகள் இரண்டுக்கு மட்டுமே போகிறது. அதே ஆண்டின் ஜி.டி.ஆர் 545 பரிவலுதான். இரட்டை டர்போ எஞ்சின், வலு நான்கு சில்லுகளுக்கும் பகிரப்படுகிறது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 97 கிலோமீற்றரை எட்ட ஜி.டி.ஆருக்குச் சுமார் 3 செக்கன், ஹெல்கெட்டுக்குச் சுமார் மூன்றரை செக்கன். வலு குறைந்தது எப்படி முந்துகிறது?

காரைத் தள்ளுவது எஞ்சின் மட்டுமல்ல. டயருக்கும் வீதிக்கும் இடையிலான உராய்வும்தான். உராய்வு தாங்கும் அளவைவிட அதிக விசை வந்தால் சில்லு சுழலும், புகை வரும், கார் முன்னேறாது. நான்கு சில்லும் இழுத்தால் காரின் முழு நிறையும் உராய்வுக்கு உதவுகிறது. ஒருமுறை வேகம் எடுத்துவிட்டால் மட்டுமே கூடிய வலுவின் கை ஓங்கும்.

இனி மாணவர்கள் கேட்க மறக்கும் கேள்வி: எது முதலில் நிற்கும்?

எந்தக் காரும் நான்கு டயராலும்தான் நிற்கிறது. டர்போவோ நான்கு சில்லு இழுவையோ இங்கே உதவாது. காய்ந்த தார் வீதியில் பிரேக் பிடித்த பிறகு 50 கிலோமீற்றர் வேகத்தில் நிற்கச் சுமார் 14 மீற்றர் வேண்டும். 100இல் 28 அல்ல, 56 மீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்கு. கண் கண்டு கால் மிதிக்க ஒரு செக்கன் போனால் இன்னும் 28 மீற்றர். மொத்தம் 84. கிண்ணியாப் பாலத்தின் நீளமே 396 மீற்றர்தான். மணலோ மழையோ இருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டப்போட்டியில் தடம் விலகிய கார் பார்வையாளர் பக்கம் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். அது ஏற்பாட்டுடன் நடந்த போட்டி, ஓட்டியவர்களும் பழகியவர்கள். அப்படியிருக்க, பெருநாள் பின்னேரங்களில் சனம் நிறைந்த வீதியில், தலைக்கவசமில்லாமல், ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக நம் பிள்ளைகள் ஓடும் ஓட்டத்தை என்னவென்று சொல்வது?

குற்றம் அவர்களிடம் மட்டுமில்லை. அனுமதிப்பத்திரம் எடுக்கும் வயது வருமுன் சாவியைக் கொடுப்பது நாம்தான். முன்சில்லைத் தூக்கி ஓடும் வீடியோவுக்கு விருப்பக்குறி போடுவதும் நாம்தான்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: வேகத்தின் மீதான ஆசையைத் திட்டாதீர்கள். அந்த ஆசையிலிருந்துதான் நாளைய பொறியியலாளர் வரவேண்டும். சாவியை மட்டும் கொஞ்சம் தாமதியுங்கள். உயிர் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். வீதியில் எதிரே வருபவரின் உயிரும் அப்படியே.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.