கடை உங்களுது... விக்கற உரிமை?

பூர்வீகச் சொத்துல தன் பங்கை விக்கறவர், முதல்ல கூடப்பிறந்தவங்ககிட்ட "உனக்கு வேணுமா, வெளியாளுக்குக் குடுக்கட்டுமா?"ன்னு கேட்கறது நம்ம ஊர் வழக்கம். 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 22வது பிரிவும் கூட்டு வாரிசுகளுக்கு இந்த மாதிரி ஒரு முன்னுரிமை குடுக்குது. நியாயம்தான், அவங்களும் அந்தச் சொத்துல பங்குள்ளவங்க.

அமெரிக்காவுல ஃபிரான்சைஸ் கடை நடத்தறவங்களுக்கும் இப்படி ஒரு பங்காளி உண்டு. கடைக்குப் பணம் போடாத பங்காளி :-) பிராண்டுக்குச் சொந்தமான கம்பெனிதான் அது. "ரைட் ஆஃப் ஃபர்ஸ்ட் ரெஃப்யூசல்"னு ஒப்பந்தத்துல ஒரு பத்தி இருக்கும். நீங்க ஆள் பிடிச்சு, விலை பேசி, அதை எழுத்துல வாங்கி கம்பெனிக்கு அனுப்பணும். ஒப்பந்தத்துல சொன்ன நாளுக்குள்ள (பெரும்பாலும் 30 இல்ல 60 நாள்) "அதே விலைக்கு நாங்களே எடுத்துக்கறோம்"னு கம்பெனி சொல்லலாம். சொல்லிட்டா, விலை பேசினவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அதே பணம்தானே, யார் குடுத்தா என்ன?"ன்னு கேட்கறவங்க உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். கடை வாங்க வர்றவர் சும்மா ஒரு விலையைச் சொல்லிட முடியாது. கணக்கு பார்க்க ஆடிட்டர், பத்திரம் படிக்க வக்கீல், கடனுக்கு பேங்க்னு அலையணும். இவ்வளவும் பண்ணினப்புறம் கம்பெனி தட்டிட்டுப் போயிடும்னு தெரிஞ்சா எத்தனை பேர் வருவாங்க? ஏலத்துல ஒருத்தருக்கு மட்டும் கடைசியா விலை சொல்ற சலுகை குடுத்துப் பாருங்க, பாதிப் பேர் எழுந்து போயிடுவாங்க. ஆக, அந்த "அதே விலை"யே குறைஞ்ச விலைதான். நஷ்டம் விக்கறவருக்கு.

கம்பெனி பக்கமும் பேசுவோம். கண்டவங்க கையில பேர் கெட்டுடக் கூடாதேன்னு அவங்களுக்குப் பயம். சரிதான். ஆனா வாங்க வர்றவரை ஏத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ற உரிமை அவங்களுக்குத் தனியா இருக்கே! மிச்சிகன் மாநிலத்தோட 1974ஆம் வருடச் சட்டத்தைப் பாருங்க. தகுந்த காரணம் இல்லாம விற்பனையைத் தடுக்கக் கூடாதுன்னு சொல்லுது. ஆனா முதல் உரிமையை மட்டும் தொடாம விட்டு வச்சிருக்கு. அதாவது, வர்றவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் கம்பெனி நடுவுல புகுந்துக்கலாம்.

அந்த உரிமையையே ஒழிக்கணும்னு நான் சொல்லலை. கார் டீலர்களுக்கு இருக்கற பாதுகாப்பு சாண்ட்விச் கடைக்காரருக்கும் வேணும்னு சொல்றேன். அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல, கார் கம்பெனி இந்த உரிமையைப் பயன்படுத்தினா, விலை பேசி ஏமாந்தவரோட நியாயமான செலவை, வக்கீல் கூலி உட்பட, கம்பெனியே குடுக்கணும். பிள்ளைக்கோ பொண்டாட்டிக்கோ கைமாத்தினா உரிமை செல்லாதுன்னும் பல சட்டங்கள் சொல்லுது. இந்த ரெண்டும் இருந்தாலே வாங்க வர்றவங்களுக்குப் பாதிப் பயம் போயிடும்.

சட்டம் வர்ற வரைக்கும் நம்ம கண்ணுதான் நமக்குக் காவல். அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் விதிப்படி, கையெழுத்துப் போடறதுக்குக் குறைஞ்சது 14 நாள் முன்னாடியே தகவல் ஆவணத்தைக் கையில குடுக்கணும். அதுல மொத்தம் 23 பகுதி. பல பேர் எவ்வளவு கட்டணும்ங்கற பக்கத்தோட மூடி வச்சிடறாங்க. 17வது பகுதிக்குப் போங்க. கடையை விக்கறது, விட்டு வெளியே வர்றது எல்லாம் அங்க ஒரு அட்டவணையா இருக்கும். கூடவே ஒப்பந்தத்தையும் வச்சுக்கிட்டு நாலு கேள்வி கேளுங்க:

எத்தனை நாள் காத்திருக்கணும்? அந்த உரிமையைக் கம்பெனி வேற யாருக்காவது மாத்திக் குடுக்கலாமா? பிள்ளைக்குக் குடுத்தாலும் குறுக்கே வருவாங்களா? ஏமாந்தவர் செலவு யார் தலையில?

இந்தியாவுல ஃபிரான்சைஸுக்குன்னு தனிச் சட்டமே கிடையாது. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தை வச்சுத்தான் ஓட்டறோம். அதனால இங்க கடை எடுக்கறவங்க இந்த நாலையும் இன்னும் சத்தமாக் கேட்கணும். கையெழுத்துப் போட்டப்புறம் கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காது.