ஒரே வேஷம், மூன்று தொழில்

வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் இங்கிலீஷ் இலக்கணத்தில் அதிகம் அஞ்சுவது 'பிரேஸ்' என்னும் சொற்றொடருக்குத்தான். வாக்கியத்தில் ஒரு பகுதிக்குக் கீழே கோடிட்டு, 'இது எவ்வகைத் தொடர்?' என்று வினாத்தாள் கேட்டுவிட்டால் போதும். வயல் வேலைக்குச் சளைக்காத பையன் பேனாவைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறான்.

குற்றம் அவனுடையதன்று, உபாத்தியாயர்களாகிய நம்முடையது. இன்ன சொல்லில் தொடங்கினால் இன்ன வகை என்று பட்டியல் போட்டுப் பல வருஷம் நெட்டுருச் செய்வித்தவர்கள் நாமே. தொடரின் பெயரோ அதன் உருவத்தில் இல்லை. அது செய்யும் தொழிலில் இருக்கிறது.

'டு பிளௌ தி பீல்ட்' என்ற தொடரைப் பாருங்கள். 'டு பிளௌ தி பீல்ட் ஈஸ் ஹார்ட்' என்றால், நிலத்தை உழுதல் கடினம் என்று பொருள். 'தி டைம் டு பிளௌ தி பீல்ட் ஹாஸ் கம்' என்றால், நிலத்தை உழும் காலம் வந்துவிட்டது. 'ஹீ கேம் டு பிளௌ தி பீல்ட்' என்றால், அவன் நிலத்தை உழ வந்தான். இங்கிலீஷில் மூன்றிடத்தும் ஒரே வேஷம். தமிழிலோ உழுதல் தொழிற்பெயர், உழும் பெயரெச்சம், உழ வினையெச்சம். ஆகவே முதலாவது நௌன் பிரேஸ், இரண்டாவது அட்ஜெக்டிவ் பிரேஸ், மூன்றாவது அட்வெர்ப் பிரேஸ். இங்கிலீஷ் மறைத்து வைத்ததைத் தமிழ் விகுதி காட்டிக் கொடுத்துவிடுகிறது!

'இன் வில்லியனூர்' என்பதும் அப்படியே. 'வில்லியனூரில் உள்ள கோவில் பழமையானது' என்னும்போது 'உள்ள' என்ற சொல் தேவைப்படுகிறது. அது கோவில் என்ற பெயரைத் தழுவும் அட்ஜெக்டிவ் பிரேஸ். 'வில்லியனூரில் வசிக்கிறோம்' என்னும்போது 'உள்ள' வேண்டுவதில்லை; அது வினையைத் தழுவும் அட்வெர்ப் பிரேஸ்.

சில வாக்கியங்கள் இரண்டுக்கும் இடங்கொடுக்கும். 'ஐ ஸா எ பாய் ஆன் தி பண்ட்' என்றால், ஏரிக்கரையில் இருந்த பையனைக் கண்டோமா, கரையில் நின்று அவனைக் கண்டோமா? அங்கே முன்பின் வாக்கியங்களே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

1954-ல் பிரெஞ்சு ஆட்சி நீங்குமுன் இவ்வூர்களில் பள்ளி சென்ற பாட்டன்மார் பிரெஞ்சு இலக்கணத்தோடு மல்லாடினார்கள்; பேரன்மார் இங்கிலீஷோடு மல்லாடுகிறார்கள். பாகூரில் ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமளிக்கப்பட்டதை, ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் வெளியிட்ட செப்பேடுகள் கூறுகின்றன. அந்த மண்ணின் குழந்தை எந்த இலக்கணத்துக்கும் கூசவேண்டியதில்லை. பெற்றோர்களே, இன்றிரவு குழந்தையின் புத்தகத்தைத் திறந்து, கோடிட்ட தொடருக்குத் தமிழ் கேளுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பாதி விடை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது.