பார்க்கின்சன்: ஆபரேஷன் இல்லாத மூளைத் தூண்டல் உண்மையில் கை கொடுக்குமா?

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னதும், பிள்ளைகள் செய்கிற முதல் வேலை போனை எடுத்துத் தேடுவதுதான். மாத்திரை, ஆபரேஷன் இரண்டுக்கும் நடுவே இன்னொன்றும் கண்ணில் படும்: மண்டையோட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் சிகிச்சை. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால், பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் நிதானம் தேவை.

மூளையில் என்ன நடக்கிறது?

1817-ல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நோய் இது. நடுமூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் மந்தம் என்று தொடங்கி, சட்டை பட்டன் போடுவதே பெரும்பாடாகிவிடும். லெவோடோபா மாத்திரை டோபமைன் குறையை ஈடுகட்டும். வருடங்கள் போகப் போக, ஒரு மாத்திரை வேலை செய்யும் நேரம் குறையும். அப்போது சிலருக்கு டிபிஎஸ் பரிந்துரைக்கப்படும். அதாவது, மூளைக்குள் மின்முனை பதித்து, நெஞ்சுப் பகுதியில் தோலுக்கடியில் பேட்டரி வைப்பது. பலன் நிரூபிக்கப்பட்டது. ஆனால் பெரிய ஆபரேஷன், செலவும் லட்சங்களில்.

வெளியிலிருந்து எப்படித் தூண்டுவார்கள்?

இரண்டு வழிகள் முக்கியமானவை. ஒன்று டிஎம்எஸ். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு அறிமுகப்படுத்தியது. தலைமீது வைக்கும் சுருளிலிருந்து வரும் காந்தத் துடிப்பு, மூளையின் மேற்பரப்பில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். இன்னொன்று டிடிசிஎஸ். தலையில் ஒட்டிய மின்முனைகள் வழியாக 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்சாரம், சுமார் 20 நிமிடம்.

செல்கள் அழிவது ஆழத்தில், தூண்டுவது மேலே. பிறகு எப்படிப் பலன்? அசைவைக் கட்டுப்படுத்தும் மேற்பரப்புப் பகுதி, ஆழத்தில் உள்ள பகுதிகளோடு நரம்பு வலைப்பின்னலால் இணைந்திருக்கிறது. ஒரு முனையைத் தட்டினால் மறுமுனைக்கும் செய்தி போகும். ஆனால் அழிந்த செல்கள் திரும்ப வராது.

வேலை செய்யுதா, இல்லையா?

‘ஓரளவு’ என்பதுதான் நேர்மையான பதில். 2020-ல் ஐரோப்பிய நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டுதல், அசைவுப் பிரச்னைகளுக்கும் பார்க்கின்சனோடு வரும் மனச்சோர்வுக்கும் டிஎம்எஸ் ‘பலன் தர வாய்ப்புண்டு’ என்ற நிலையில் வைத்தது. ‘நிச்சயம் பலன் தரும்’ என்ற நிலையில் அல்ல. டிடிசிஎஸ்-க்கான ஆதாரம் இதைவிடப் பலவீனமானது. அமெரிக்காவின் எஃப்டிஏ 2008-ல் டிஎம்எஸ்-க்கு அனுமதி கொடுத்தது மனச்சோர்வுக்கு, பார்க்கின்சனுக்கு அல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்தில்லாத போலி ஊசி போட்டாலும், ‘குணமாகும்’ என்ற நம்பிக்கையே பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைனைச் சுரக்க வைக்கிறது என்று 2001-ல் கனடா ஆய்வு ஒன்று காட்டியது. அதனால்தான் ‘நாலு சிட்டிங்கில் நடக்க ஆரம்பிச்சுட்டார்’ என்ற வீடியோ ஆதாரமாகாது. போலி சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுதான் ஆதாரம்.

என்ன கேட்க வேண்டும்?

இது மாத்திரைக்கு மாற்றா, துணையா? எத்தனை சிட்டிங், மொத்தம் எவ்வளவு? பலனை எப்படி அளப்பீர்கள்? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் தராத இடத்தில் பணம் கட்ட வேண்டாம். வலிப்பு வந்திருந்தாலோ, பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், தலைக்குள் உலோகம் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆன்லைனில் கருவி வாங்கி வீட்டிலேயே ட்ரை பண்ணுவது வேண்டவே வேண்டாம். மாத்திரையைத் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

வெளித்தூண்டலை ஒதுக்கவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம். முறையான ஆய்வில் சேர வாய்ப்புக் கிடைத்தால் நரம்பியல் டாக்டரிடம் பேசிப் பார்க்கலாம். ஆனால், ‘முழுசா குணமாக்கிடுவோம்’ என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே நல்லது. நேரத்துக்கு மாத்திரை, தினமும் நடை, பிசியோதெரபி ஆகியவற்றுக்கு இன்றுவரை மாற்று இல்லை.